லைட் பியர் செய்யப் போய் நிலவேம்புக் கஷாயம் ஆகிவிட்டது: ஹாப்ஸ் எவ்வளவு, எப்போது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | சனி, இரவு 10:20

வணக்கம். சொந்த ஊர் சேலம் செவ்வாய்ப்பேட்டை, பிழைப்பு லண்டன் ஈஸ்ட் ஹாமில். அங்கே ஒரு வருஷமாக வீட்டில் பியர் செய்கிறேன். இப்போது ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். தட்டுவடை செட் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலை இல்லாததால், வருவதற்கு முன் நடந்த சொதப்பலை இங்கே கொட்டுகிறேன்.

என் மனைவிக்குக் கசப்பு ஆகாது. வெயில் காலத்துக்கு லேசாக, கசப்பே தெரியாத மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். 20 லிட்டர் அளவு. 3 கிலோ பேல் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி), ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுபோன ஜவ்வரிசி 800 கிராம் (சேலத்துக்காரன் வேறு எதைப் போடுவான்). ஜவ்வரிசியைத் தனியாகக் கஞ்சி காய்ச்சி மால்ட்டோடு சேர்த்தேன். ஹாப்ஸுக்கு (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ), செய்முறையில் சாஸ் ரகம் 25 கிராம் 60 நிமிடக் கொதிக்கும், 15 கிராம் கடைசி 10 நிமிடத்துக்கும் என்று இருந்தது. சாஸ் கைவசம் இல்லை. ஃப்ரீஸரில் சிட்ரா ரகம் இருந்தது. ஹாப்ஸ் ஹாப்ஸ்தானே என்று அதே கிராமில் போட்டேன். அடுப்பை அணைத்தபோது நடுராத்திரி. மூடி போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன், காலையில்தான் ஈஸ்ட் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து முதல் வாய். மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டெங்கு வந்தால் குடிக்கலாம்" என்றார். எங்கே தப்பு?

மால்கோவா | சனி, இரவு 10:41

கசப்பு வேண்டாம் என்றால் ஹாப்ஸே போடாதீர்கள். டீயில் சர்க்கரை வேண்டாம் என்பவருக்கு அரை ஸ்பூன் போடுவதா, ஒரு ஸ்பூன் போடுவதா என்று யாராவது கேட்பார்களா?

ஃபேர்லேண்ட்ஸ் லேப் | சனி, இரவு 11:35

மால்கோவா, அப்படிச் செய்து பாருங்கள், மால்ட் கஞ்சித் தண்ணீர் மாதிரித் தித்திக்கும். ஈஸ்ட் சாப்பிடாமல் விட்ட மாவுச்சத்துத் துண்டுகள் எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். அந்தத் திகட்டலை அறுக்கத்தான் கசப்பு. ரசத்தில் மிளகு மாதிரி, தனியாகத் தெரியக் கூடாது, எடுத்துவிட்டால் தெரியும். இன்னொரு வேலையும் உண்டு. பியரைப் புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்களை ஹாப்ஸின் அமிலம் அடக்கி வைக்கும்.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பிக்கு: நான் ஒரு பியர் ஆலையின் லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கலாம்.

ஹாப்ஸ் பூவுக்குள் மஞ்சள் பொடி மாதிரி இருப்பது லுப்புலின். அதில் ஆல்ஃபா அமிலம் இருக்கிறது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, அப்படியே பெரிய கசப்பும் கிடையாது. கொதிக்கும்போது அதன் வடிவம் மாறி ஐசோ ஆல்ஃபா அமிலம் ஆகிறது. அதுதான் கசப்பு. பியர் கசப்பை அளக்கும் அலகு ஐ.பி.யு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஐசோ ஆல்ஃபா என்றால் தோராயமாக 1 ஐ.பி.யு.

உங்கள் லைட் பியர் செறிவில், 60 நிமிடம் கொதித்தால் போட்ட ஆல்ஃபாவில் ஏறக்குறைய கால் பங்கு கசப்பாக மாறும். 10 நிமிடம் என்றால் நூற்றுக்கு ஒன்பதுதான். சாஸில் ஆல்ஃபா மூன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 கிராம் என்றால் 875 மில்லிகிராம் ஆல்ஃபா, அதில் கால் பங்கு 219, இருபது லிட்டருக்குப் பங்கிட்டால் 11. கடைசி 15 கிராம் இன்னொரு 2 தரும். மொத்தம் 13. அருமையான லைட் பியர்.

சிட்ராவில் ஆல்ஃபா பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் இருக்கும். பன்னிரண்டரை என்று போட்டால் முதல் தவணை மட்டுமே 39. இரண்டாவது தவணை 8. மொத்தம் 47. அமெரிக்க லைட் லாகர்கள் 8 முதல் 12 வரை நிற்கும். நீங்கள் ஐ.பி.ஏ. என்ற கசப்பு தூக்கலான பியரின் கசப்பை லைட் பியர் உடம்பில் ஏற்றியிருக்கிறீர்கள்.

மிளகாய்த்தூளைக் காஷ்மீரியில் இரண்டு ஸ்பூன் என்று எழுதியிருந்ததைக் குண்டூரில் இரண்டு ஸ்பூன் போட்ட கதைதான் இது.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | சனி, இரவு 11:50

குண்டூர் உதாரணத்தைப் படித்ததும் வயிறு எரிகிறது சார். பாக்கெட்டில் ஆல்ஃபா 12.6 என்று எழுதியே இருந்தது. அது ஏதோ தயாரிப்பு எண் என்று நினைத்தேன்.

மட்டுறுத்துநர் | ஞாயிறு, காலை 7:15

இழை நன்றாகப் போகிறது, நடுவில் குறுக்கிடுகிறேன். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி இங்கே உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம். பிரிட்டனில் 1963-இல் வீட்டுப் பியருக்கான உரிமத்தை எடுத்துவிட்டார்கள், சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம், விற்கத்தான் கூடாது. ஆகவே லண்டன் அடுப்பைப் பற்றித் தாராளமாகப் பேசுங்கள். சேலம் அடுப்பில் எப்படிச் செய்வது என்று யாரும் கேட்க வேண்டாம், பதிவு நீக்கப்படும்.

மால்கோவா | ஞாயிறு, காலை 8:02

சேலத்தில் உட்கார்ந்து இதைப் பேசுவதே வேடிக்கைதான். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி மதராஸ் மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது நம் மாவட்டத்தில். கொண்டுவந்த ராஜாஜி அதற்கு இருபது வருஷம் முன்னால் இதே சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். தன் ஊரிலிருந்தே ஆரம்பித்துவிட்டார் மனிதர்.

மியூனிக் மாப்பிள்ளை | ஞாயிறு, பகல் 12:30

ஆத்தூர்க்காரன், மியூனிக்கில் இருக்கிறேன். லேப் சார் கணக்கு சரி. ஆனால் ஒரு கேள்வி கேட்காமல் விட்டுவிட்டார். அண்ணா, உங்கள் பியர் கசந்ததா, துவர்த்ததா?

பாகற்காய் மாதிரி நாக்கின் பின்பக்கம் நின்றால் கசப்பு. நாவற்பழம் தின்றது மாதிரி வாய் முழுக்க இழுத்துப் பிடித்தால் துவர்ப்பு. இங்கே இருக்கிற என் ஜெர்மன் நண்பர்கள் இரண்டையும் கசப்பு என்றே சொல்லிக் குழப்புவார்கள். நமக்கு அறுசுவையில் இரண்டும் தனித்தனி இடம். கசப்பு என்றால் ஆல்ஃபாவும் நேரமும். துவர்ப்பு என்றால் மால்ட் உமி, ஹாப்ஸ் இலைச்சத்து, தண்ணீர், இந்த மூன்றில் ஒன்று.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | ஞாயிறு, பகல் 1:10

யோசித்துப் பார்த்தால் இரண்டும்தான். முதலில் பாகற்காய், விழுங்கிய பிறகு பல்லெல்லாம் கூசுகிற மாதிரி ஓர் இழுப்பு. தண்ணீர் நேராகக் குழாயிலிருந்து பிடித்ததுதான். மால்ட்டை நன்றாகச் சுடுதண்ணீர் விட்டுக் கடைசிச் சொட்டு வரை அலசினேன். காசு கொடுத்து வாங்கியதாயிற்றே.

ஃபேர்லேண்ட்ஸ் லேப் | ஞாயிறு, மாலை 4:45

நல்ல கேள்வி கேட்டீர்கள் மாப்பிள்ளை. லண்டன் தண்ணீர் கடின நீர், சுண்ணாம்புக் கார்பனேட் அதிகம், காரத்தன்மை உள்ளது. கறுப்பு பியருக்கு ஒத்துப்போகும், ஏனென்றால் வறுத்த மால்ட்டின் அமிலம் அதைச் சமன் செய்துவிடும். வெளிர் மால்ட்டுக்கு அந்த உதவி கிடையாது. பி.ஹெச். ஏறி நிற்கும்போது, அதிலும் கொதிக்கிற தண்ணீரை விட்டுக் கடைசிச் சொட்டு வரை அலசினால், உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். ஹாப்ஸ் கசப்பும் முரட்டுத்தனமாக வரும். சாஸ் பிறந்த செக் நாட்டில், பில்சன் ஊர்த் தண்ணீர் ஏறக்குறைய மழைத்தண்ணீர் மாதிரி மெதுவானது. அங்கே கசப்பை அதிகமாகப் போட்டும் வாய்க்கு வழுவழுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சேலத்தில் நம் வீட்டிலேயே பார்க்கலாம். போர் தண்ணீரில் போட்ட டீயும் மேட்டூர்த் தண்ணீரில் போட்ட டீயும் ஒன்றா?

அப்புறம் உங்கள் ஜவ்வரிசி. மரவள்ளி மாவு கிட்டத்தட்ட முழுக்க ஸ்டார்ச். மால்ட்டின் நொதிகள் அதை உடைத்துச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சாராயம் கூடும், உடம்பு, அதாவது வாயில் தெரியும் கனம், மெலியும். நொதித்து முடிந்தபின் கடைசி அடர்த்தி (தண்ணீர் என்றால் 1.000) எவ்வளவு வந்தது? 1.006-க்கும் கீழே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மெலிவில் கசப்புக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. அதே 20 ஐ.பி.யு. கனமான பியரில் தெரியவே தெரியாது, ஜவ்வரிசி பியரில் சுள்ளென்று தெரியும். லைட் பியரில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | ஞாயிறு, மாலை 5:05

1.005. நேரில் பார்த்த மாதிரி சொல்கிறீர்கள் சார்.

ஏற்காடு காப்பி | ஞாயிறு, இரவு 8:20

நான் பியர் ஆள் இல்லை, காப்பித் தோட்டக்காரன். ஆனால் ஹாப்ஸோடு எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது, அதனால் உள்ளே வருகிறேன்.

சூட்டாலும் நேரத்தாலும் கசப்பு ஏறுவது எங்களுக்குப் பழகிய விஷயம். வெந்நீரில் டிக்காஷன் அதிக நேரம் ஊறினால் கசப்பு இறங்கும், குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறினாலும் அவ்வளவு கசக்காது. ஹாப்ஸும் அப்படித்தானா என்று பார்க்க, ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கி வீட்டில் வெறும் ஹாப்ஸ் டீ போட்டுப் பார்த்தேன். ஈஸ்ட் இல்லை, மால்ட் இல்லை, மட்டுறுத்துநர் பயப்பட வேண்டாம்.

மூன்று பாத்திரம். ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர், ஒரு கிராம் ஹாப்ஸ், எலுமிச்சைச் சாறு சில சொட்டு. ஒன்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன், வற்ற வற்ற வெந்நீர் ஊற்றிக்கொண்டே. இரண்டாவது ஐந்து நிமிடம். மூன்றாவதில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, கை பொறுக்காத சூட்டுக்கு ஆறவிட்டு, பிறகு ஹாப்ஸ் போட்டு இருபது நிமிடம் மூடிவைத்தேன். முதலாவது வாசனையே இல்லாத கஷாயம். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் ஆரஞ்சுத் தோல் வாசனை வீட்டையே தூக்கியது, கசப்பு பேருக்குத்தான். சோடா கலந்து குளிர வைத்து விருந்தாளிக்குக் கொடுத்தேன், என்ன பழம் என்று கேட்டார்.

ஃபேர்லேண்ட்ஸ் லேப் | ஞாயிறு, இரவு 9:00

தோட்டக்காரரே, பியர் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு இழையின் சாரத்தையே அடுப்பில் வைத்துக் காட்டிவிட்டீர்கள். வாசனை எண்ணெய்கள் ஆவியாகிப் போகிறவை, நீண்ட கொதியில் நிற்காது. ஆல்ஃபா மாற்றத்துக்குச் சூடு வேண்டும், 80 டிகிரிக்குக் கீழே அது மிகவும் மந்தமாகிவிடும். ஆகவே கசப்பில்லாமல் வாசனை வேண்டுமானால், அடுப்பை அணைத்து, 75 டிகிரிக்கு இறக்கி, அப்போது போட்டு இருபது நிமிடம் வைக்க வேண்டும்.

தம்பி, நீங்கள் மூடி போட்டுவிட்டுத் தூங்கியதை இப்போது நினைத்துப் பாருங்கள். 20 லிட்டர் பானை மூடியோடு 80-க்கு இறங்க நேரம் பிடிக்கும். அதுவரை உங்கள் 10 நிமிடத் தவணை கசப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கும். பேப்பரில் பத்து நிமிடம், பானையில் ஒரு மணி நேரம். 47 என்றேன், அதற்கும் மேலேதான் போயிருக்கும்.

மியூனிக் மாப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11:40

அப்படியானால் 60 நிமிடத் தவணையே எதற்கு? எல்லாவற்றையும் கடைசியில் போட்டு, கசப்பையும் வாசனையையும் அதிலிருந்தே எடுக்கலாமே. நான் அப்படித்தான் செய்கிறேன். கசப்பு மெதுவாக இருக்கிறது.

ஃபேர்லேண்ட்ஸ் லேப் | திங்கள், காலை 6:30

செய்யலாம், வாசனை தூக்கலான பியருக்கு நல்ல வழிதான். ஆனால் 10 நிமிடத்தில் 12 ஐ.பி.யு. வர, 6 சதவீத ஆல்ஃபா உள்ள கேஸ்கேட் ரக ஹாப்ஸ் 44 கிராம் வேண்டும். ஒரு மணி நேரக் கொதிக்கு 16 கிராம் போதும். அவ்வளவு அதிகப்படி இலைச்சத்து மெல்லிய பியரில் புல் வாசனையும் துவர்ப்பும் கொடுக்கும். எனக்கு லைட் பியரில் முதல் தவணை சின்னதாக, சுத்தமாக இருப்பதே பிடிக்கும். இது ருசி விஷயம், நீங்கள் மறுக்கலாம்.

ஆனால் ஒன்று: 60 நிமிடத்தில் ஹாப்ஸ் போடவில்லை என்பதற்காகக் கொதியைக் குறைத்துவிடாதீர்கள். வெளிர் மால்ட் சாற்றிலிருந்து வேகவைத்த சோள வாசனை வரும், அது மூடியில்லாத நீண்ட கொதியில்தான் ஆவியோடு போகும். மூடி போட்டுத் தூங்கினால் அதுவும் பானைக்குள்ளேயே.

மியூனிக் மாப்பிள்ளை | திங்கள், பகல் 1:15

மறுக்கிறேன், ஆனால் மரியாதையோடு. இங்கே கோதுமை பியர் 8 முதல் 15 ஐ.பி.யு.தான், அதில் நீங்கள் சொல்கிற மாதிரி ஒரே சின்னத் தவணை போதும், வாசனையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். சிட்ரா மாதிரி ரகத்தை வாசனைக்காக வாங்குகிறவர் ஏன் அதைக் கொதிக்கவைத்து வீணாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்னொரு எச்சரிக்கை, பட்டது. நொதித்து முடிந்தபின் குளிர்ச்சியில் 60 கிராம் ஹாப்ஸ் போட்டு, இரண்டே நாளில் பாட்டிலில் அடைத்தேன். ஹாப்ஸிலேயே கொஞ்சம் நொதி இருக்கிறது, மிச்ச மாவுச்சத்தை உடைத்து ஈஸ்ட்டுக்கு மறுபடி தீனி போட்டுவிட்டது. நிலவறையில் நான்கு பாட்டில் வெடித்தது. அப்படிப் போட்டால் அடர்த்தி அசையாமல் நிற்கிறதா என்று சில நாள் பார்த்துவிட்டு அடையுங்கள்.

மால்கோவா | திங்கள், மாலை 6:10

சரி, போடாதீர்கள் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். தோட்டக்காரர் ஏதோ பழைய வழக்கு என்றாரே, அது என்ன?

ஏற்காடு காப்பி | திங்கள், இரவு 8:55

ஏற்காட்டில் ஹாப்ஸ் வளர்த்துப் பார்த்தேன். அவ்வளவுதான் வழக்கு. இமாச்சலில் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறதே, நமக்கும் குளிர் இருக்கிறதே என்று நினைத்தேன். 1820-களில் காக்பர்ன் கலெக்டர் காப்பியைக் கொண்டுவந்து நட்டபோதும் யாராவது சிரித்திருப்பார்கள் இல்லையா.

நாலாயிரத்து எண்ணூறு அடி உயரம், சில்வர் ஓக் நிழலுக்கு வெளியே நல்ல வெயில் படும் இடம். கொடி முளைத்தது. மிளகு மாதிரி வேர் விட்டு மரத்தைப் பிடிக்காது, கயிற்றைச் சுற்றிச் சுற்றி ஏறும், தண்டில் சொரசொரவென்று கொக்கி முடி, கை கிழியும். இடுப்புயரம் வந்ததும் பூத்துவிட்டது. இருபதடி ஏற வேண்டிய கொடி! மொத்த அறுவடை ஒரு டீ டம்ளர்.

காரணம் குளிரல்ல, பகல். ஜெர்மனியில் ஜூன் மாதம் பதினாறு மணி நேரம் வெளிச்சம், அந்த நீளப் பகலில் கொடி உயரமாக வளர்ந்து, பகல் குறையும்போது பூக்கும். நமக்கு வருஷத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணிதான். கொடி, காலம் முடிந்துவிட்டது என்று நினைத்து அவசர அவசரமாகப் பூக்கிறது. ஓசூர்ப் பக்கம் செவ்வந்திக்கு ராத்திரியில் பல்பு போட்டுப் பூப்பதைத் தள்ளிவைப்பது போல இதற்கும் போடலாம். கரண்ட் பில்லை நினைத்து விட்டுவிட்டேன்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒன்று: ஹாப்ஸ் நாய்க்கு விஷம், உடம்புச் சூடு தாறுமாறாக ஏறிச் செத்தே போகலாம். காய்ச்சிய சக்கையைக் குப்பையில் திறந்து போடாதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | செவ்வாய், காலை 10:30

மூன்று பாத்திரப் பரிசோதனையை நேற்று அம்மா சமையலறையில் செய்தேன், தோட்டக்காரர் சொன்னபடியே. அம்மா மூன்றாவதைக் குடித்துவிட்டு, "இதை ஏன்டா பியர்ல போடணும்?" என்கிறார்.

ஒரு கேள்வி மிச்சம். அங்கே இருக்கிற 18 லிட்டர் கஷாயத்தை என்ன செய்வது? கொட்ட மனம் வரவில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் லேப் | செவ்வாய், மாலை 5:20

ஏறிய கசப்பை எடுக்க வீட்டில் வழி இல்லை. மாதக்கணக்கில் வைத்தால் கொஞ்சம் மங்கும், வாசனை அதைவிட வேகமாக மங்கும். டம்ளரில் பாதி லெமனேட் ஊற்றி ஷாண்டியாகக் குடியுங்கள், அல்லது அடுத்த லைட் பியரோடு டம்ளரிலேயே கலந்துகொள்ளுங்கள்.

அடுத்த தடவைக்கு: ஜவ்வரிசியை விட்டுவிட்டு 400 கிராம் அவல் போடுங்கள். ஏற்கெனவே வெந்து தட்டியது, தனிக்கஞ்சி வேண்டாம், மால்ட்டோடு நேராகச் சேரும். ஊறவைக்கும் சூடு 68 டிகிரி, கொஞ்சம் உடம்பு மிஞ்சட்டும். அலசும் தண்ணீர் 75-க்கு மேல் வேண்டாம், சாறு வெளிறியதும் நிறுத்துங்கள். குழாய்த் தண்ணீரில் பாதிக்கு ஆர்.ஓ. தண்ணீர். சிட்ராவே இருக்கட்டும்: 60 நிமிடத்துக்கு 6 கிராம், அது 9 ஐ.பி.யு. தரும். பிறகு 75 டிகிரியில் 20 கிராம், இருபது நிமிடம், உடனே செம்புச் சுருள் போட்டுக் குளிர்வியுங்கள். 6 கிராம் என்றால் 6 கிராம். சமையலறைத் தராசு அதில் இரண்டு கிராம் பொய் சொல்லும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | செவ்வாய், மாலை 5:45

தராசுக்குக் கவலை இல்லை சார். பக்கத்து வீட்டில் கொலுசுப் பட்டறை. வெள்ளிப் பொடி நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றைப் பழசாக வாங்கிவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:00

லண்டனிலிருந்து. சொன்னபடி எல்லாம் செய்தேன். ஒரு மாற்றம்: 75-க்கு இறக்கப் பொறுமையில்லாமல் 78-லேயே போட்டுவிட்டேன். கடைசி அடர்த்தி 1.010. பாட்டில் திறந்ததும் எலுமிச்சைத் தோல் வாசனை, வாயில் மெத்தென்று, விழுங்கும்போது கடைசியில் ஒரே ஒரு கீற்றுக் கசப்பு. துவர்ப்பு சுத்தமாக இல்லை.

ஒரு பாட்டில் மட்டும் பச்சை நிறக் கண்ணாடியில் அடைத்து ஜன்னலோரம் வைத்திருந்தேன், அது கீரிப்பிள்ளை நாற்றம். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கசப்பு உடைந்து இப்படி ஆகுமாம், மற்றதெல்லாம் பழுப்புப் பாட்டிலில் தப்பித்தது.

மனைவி முழு டம்ளர் குடித்தார். இரண்டாவது டம்ளருக்கு, பழைய கஷாயத்தில் கால் பங்கு கலந்து தரச் சொன்னார். இது கொஞ்சம் சப்பென்று இருக்கிறதாம்.

ஃபேர்லேண்ட்ஸ் லேப் | ஞாயிறு, இரவு 9:10

அப்படியானால் அடுத்த தடவை 9 கிராம் போடுங்கள் தம்பி.